டெஸ்ட் எழுதும் வேலையை விட்டுவிடலாமா?

எவரும் நிரலைப் பார்த்துத் திருத்த உதவக்கூடிய திறமூல பைத்தான் திட்டம் ஒன்றில் சேர்ந்தும், நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட்களையும் ஆவண ஸ்கிரிப்ட்களையும் பராமரிக்கும் வேலைதான் வருகிறது, முக்கிய நிரலில் கைவைக்க வாய்ப்பில்லை, இதை வைத்து வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட்டுவிடாதீர்கள் என்பதே என் பதில்.

நிறுவனத்தில் சேர்ந்ததும் உங்கள் கைக்கு வரப்போவது பெரும்பாலும் பிறர் எழுதிய பழைய நிரல்தான். அதைப் படித்துப் புரிந்துகொண்டு, எதையும் உடைக்காமல் திருத்தத் தெரிய வேண்டும். அந்தப் பயிற்சி உங்களுக்கு இப்போதே கிடைக்கிறது. பைத்தானின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் அக்டோபரில் வருகிறது. 2023இல் வந்த 3.12 பதிப்பில் நிரல்களைப் பொதிகட்டி நிறுவ உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் தொகுதி நீக்கப்பட்டது; டெஸ்ட் எழுத உதவும் யூனிட்டெஸ்ட் தொகுதியில், இரு மதிப்புகள் சமமா என்று பார்க்க நெடுங்காலம் புழங்கிய அசெர்ட்ஈக்வல்ஸ் என்ற பழைய பெயரும் போய்விட்டது. அவற்றை நம்பியிருந்த ஸ்கிரிப்ட்களை யாராவது உட்கார்ந்து சரிசெய்தாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஆவணத்தில் இருக்கும் நிரல் துண்டை டாக்டெஸ்ட் என்ற பைத்தான் கருவி ஓட்டிப் பார்த்து, அங்கே எழுதியிருக்கும் விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். சில சொற்கள் அடங்கிய ஒரு செட்டை (வரிசை உறுதியில்லாத தொகுப்பை) அப்படியே காட்டும் துண்டு ஒருமுறை தேறும், மறுமுறை தோற்கும். பைத்தான் 3.3 முதல் சரங்களின் (எழுத்துத் தொடர்களின்) ஹாஷ் மதிப்பு, அதாவது செட்டில் அவை இருக்கும் இடத்தைத் தீர்மானிக்கும் எண், ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுவதால், செட்டின் வரிசையும் மாறிவிடுகிறது. இன்னொரு முறை ஓட்டி, தேறியதும் நகர்ந்துவிடுவது எளிது. காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து, வரிசைப்படுத்தித் தரும் சார்ட்டட் சேர்த்து, ஏன் சேர்த்தேன் என்று மாற்றத்தோடு பதிவாகும் கமிட் செய்தியில் இரண்டு வரி எழுதுகிறவரைத்தான் நான் எந்த நிறுவனத்துக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். மாற்றியது ஒரே சொல். நேர்காணலில் அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசலாம்.

சுயவிவரத்தில் ‘திறமூலப் பங்களிப்பாளர்’ என்று மொட்டையாகப் போடாதீர்கள். என்ன பழுதாகியிருந்தது, எதனால், நீங்கள் செய்தது என்ன என்று எழுதி, அந்தத் திருத்தத்தின் இணைப்பையும் கொடுங்கள். எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக எழுத்துப் பிழைத் திருத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்பவும் வேண்டாம். அவற்றைப் பார்ப்பவர்களில் பலர் ஊதியமின்றித் தங்கள் சொந்த நேரத்தைச் செலவிடுகிறார்கள். அந்த நேரத்தை மதியுங்கள்.

ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. டெஸ்ட் வேலை மட்டுமே உங்களுக்கு வேலை வாங்கித் தந்துவிடாது. தரவுக் கட்டமைப்பு, தரவுத்தளம் போன்ற அடிப்படைகளை வழக்கம்போல் படிக்கத்தான் வேண்டும்.

முக்கிய நிரலுக்குள் போக வழியும் உங்கள் கையிலேயே இருக்கிறது. தீர்க்கப்படாமல் கிடக்கும் பிழைகளில் சிறியதாக ஒன்றை எடுங்கள். அந்தப் பிழையைத் தவறாமல் வரவழைக்கும் டெஸ்ட் ஒன்றை முதலில் எழுதிப் பராமரிப்பாளரிடம் காட்டுங்கள். அவர் ஒப்புக்கொண்டதும், திருத்தத்தையும் நானே செய்து பார்க்கட்டுமா என்று கேளுங்கள்.