மூத்த தலைமுறை குறையக் குறைய மக்கள் செயல் கட்சியின் வாக்கும் குறைந்துவிடுமா?

சிங்கப்பூரில் ஒவ்வொரு பொதுத் தேர்தல் முடிந்ததும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. பெரியவர்கள் ஆளும் மக்கள் செயல் கட்சிக்கு (மசெக) வாக்குப் போடுகிறார்கள், இளையர்கள் எதிர்க்கட்சிக்குப் போடுகிறார்கள், அதனால் இருபது வருடம் பொறுத்தால் ஆட்சி தானாக மாறிவிடும் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. நான் குடியிருக்கும் இடமே அதற்குக் காரணம்.

2008-லிருந்து தீவின் வடகிழக்கில் உள்ள செங்காங் நகரில், ரிவர்வேல் பக்கம் இருக்கிறேன். 2011-ல் எங்கள் பகுதி பொங்கோல் கிழக்குத் தனித்தொகுதி, அதாவது ஒரே ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி. மசெக சுமார் 54.5 விழுக்காடு வாங்கி ஜெயித்தது. உறுப்பினர் பதவி விலகினார், 2013 ஜனவரியில் இடைத்தேர்தல். இந்த முறை அதே 54.5 விழுக்காடு எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக்கு. 2015-ல் நூலிழையில் மறுபடியும் மசெக. 2020-ல் தொகுதியையே, பல உறுப்பினர்களை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் செங்காங் குழுத்தொகுதிக்குள் சேர்த்தார்கள், பாட்டாளிக் கட்சி 52 விழுக்காட்டில் வென்றது, 2025-ல் அதை 56 ஆக்கியது. 2011-க்கும் 2013-க்கும் நடுவில் எங்கள் புளோக்கில் யாரும் புதிதாகக் குடிவந்ததாக ஞாபகம் இல்லை. மின்தூக்கியில் பார்க்கும் முகங்கள் அதே முகங்கள்தான், குழந்தைகள் மட்டும் ஒன்றரை வயது கூடியிருந்தார்கள். குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் இடம் கிடைக்கவில்லை, காலையில் ரயிலில் ஏற முடியவில்லை, அதைத்தான் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். மக்கள்தொகை அப்படியே இருக்க, வாக்கு மட்டும் போய்ப் போய்த் திரும்பியது.

அமெரிக்காவிலும் இந்தக் கணக்கைப் போட்டார்கள். ஹிஸ்பானிய மக்கள் பெருகப் பெருக ஜனநாயகக் கட்சியை அசைக்க முடியாது என்று வருடக்கணக்கில் பேச்சு. டெக்சாஸ் எல்லையில் ஸ்டார் கவுண்டி என்று ஓர் இடம், அங்கே நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஹிஸ்பானியர்கள், நூறு வருடத்துக்கும் மேலாக அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியை விட்டு நகராத இடம். 2024-ல் அது டிரம்புக்குப் போனது.

அப்படியென்றால் மக்கள்தொகை மாற்றத்துக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் சிங்கப்பூரில் அது வீடு வழியாக வருகிறது. மற்ற நாடுகளில் ஓர் இனமோ சமயமோ ஒரே வட்டாரத்தில் கூடும், அது அப்படியே ஒரு தொகுதியாகும். இங்கே 1989-லிருந்து இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருப்பதால் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு உண்டு. நாம் இந்தியர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர், தீவு முழுக்கப் பரவிக் கிடக்கிறோம், நம் எண்ணிக்கை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் எந்த ஒரு தொகுதியும் அதனால் மட்டும் சாயாது. ஆனால் வயதுக்கு உச்சவரம்பு கிடையாது. பிடிஓ வீடு, அதாவது பதிவு செய்த பிறகு வீவக புதிதாகக் கட்டித் தரும் வீடு, வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கல்யாணம் ஆகும் வயதில் இருக்கிறவர்கள், சாவி கிடைப்பதும் ஒரே சமயத்தில், பிள்ளை பெறுவதும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில். அதனால் ஒரு நகரம் பிறக்கும்போதே அதற்கு ஒரு வயது வந்துவிடுகிறது. பழைய நகரங்களான அங் மோ கியோவும் தோ பாயோவும் அப்படி ஒன்றாக மூப்படைந்தவை. இப்போது செங்காங், பொங்கோல், அடுத்து தெங்கா. பாட்டாளிக் கட்சி வடகிழக்கில் வேர்விட்டதற்கு அது ஏற்கெனவே வென்ற ஹவ்காங்கும் அல்ஜுனிட்டும் பக்கத்தில் இருப்பது ஒரு காரணம், இளங்குடும்பங்கள் குவிந்தது இன்னொரு காரணம் என்பது என் கருத்து. 2025-ல் நாடு முழுக்க மசெகவின் வாக்கு 65.57 விழுக்காட்டுக்கு ஏறியபோதும் பொங்கோலில் அவர்களுக்கு 55தான், அதே வடகிழக்கில் உள்ள ஜாலான் காயுவில் 51.5.

எங்கள் அப்பா விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். பிரிட்டிஷ்காரர்கள் தளத்தை மூடிவிட்டுப் போகிறோம் என்று 1968-ல் அறிவித்தபோது அவருக்கு 22 வயது, வேலை போய்விடும் என்ற பயத்தில் தாத்தா அவரை ஊருக்கே திருப்பி அனுப்பப் பார்த்தாராம். தளம் கப்பல் பட்டறையானது, வேலை தங்கியது, 1978-ல் அங் மோ கியோவில் மூவறை வீடு வந்தது. வீட்டுக்குள்ளேயே குழாய்த் தண்ணீர், பூட்டிக்கொள்ளக் கதவுள்ள கழிவறை. அவர் யாருக்கு வாக்களித்தார் என்று ஒருநாளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை, ஆனால் அந்த நன்றியை அவர் பேச்சில் கேட்கலாம். 2014-ல் மூத்த குடிமக்களுக்கு அரசு சலுகைகள் தரும் முன்னோடித் தலைமுறை அட்டை வந்தபோது அதைப் பணப்பையில் வைக்காமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

எனக்கு அந்த நன்றி வேறு மாதிரி வந்தது, பாதி அளவில். நான் வளர்ந்ததே குழாய்த் தண்ணீர் உள்ள வீட்டில். அதோடு எங்கள் குழுத்தொகுதியில் 1991, 1997, 2001 மூன்று தேர்தலிலும் போட்டியே இல்லை, ஆகவே நான் முதல்முறை வாக்களித்தது 2006-ல், முப்பது தாண்டி. எல்லா இடங்களிலும் போட்டி என்பதே சுதந்திரத்துக்குப் பிறகு 2015-ல்தான் வந்தது. ஒரு கட்சி ஒரு தலைமுறையிடம் சம்பாதித்த நம்பிக்கை வீட்டுப் பத்திரம் போலப் பிள்ளைகள் பேருக்கு மாறாது. மசெகவுக்கு உண்மையான நெடுங்கால ஆபத்து இதில்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அவர்கள் சும்மா இருப்பதில்லை, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2011-ல் 60 விழுக்காடாக இறங்கிய பிறகு வீடு கட்டும் வேகத்தைக் கூட்டினார்கள், வெளிநாட்டு ஊழியர் விதிகளை இறுக்கினார்கள், 2015-ல் வாக்கு 69.9-க்குப் போனது. திரு லீ குவான் இயூ மறைந்த வருடம், நாட்டின் ஐம்பதாவது வருடம் என்பதும் அதில் சேரும். அப்புறம் அப்பாவின் தலைமுறைக்கு அடுத்து வந்தவர்களுக்குச் சலுகை தரும் மெர்டேக்கா தலைமுறைத் திட்டம் 2019-ல், 2023-ல் 1973-லும் அதற்கு முன்பும் பிறந்தவர்களுக்கு மாஜுலா திட்டம். தலைமுறை தலைமுறையாகப் பெயர் வைத்துக் கவனிக்கிறார்கள்.

இன்னொன்று, இளையர் பெருகுகிறார்கள் என்பதே தவறு. நம் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள், 2023-ல் 0.97. 2030 வாக்கில் குடிமக்களில் நாலில் ஒருவர் 65 வயதுக்கு மேல். அதாவது வாக்காளர் பட்டியலின் எடை மேல்பக்கம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனால் 2030-ல் எழுபது வயதாகப் போகிறவர் 1960-ல் பிறந்தவர். அப்பாவின் மூப்பும் அவர் மூப்பும் ஒன்றாக இருக்காது. ஒவ்வொரு வருடமும் புதிதாகக் குடியுரிமை பெறும் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களையும் ஆளுங்கட்சியின் கணக்கில் மொத்தமாக எழுதிவிடுகிறார்கள். எங்கள் மாடியில் சென்னையிலிருந்து வந்து குடியுரிமை பெற்ற இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன, தேர்தல் சமயத்தில் இரண்டு வீட்டிலும் இரண்டு விதமான பேச்சு.

என் மகளுக்கு இப்போது 16 வயது. அடுத்த பொதுத் தேர்தல் 2030-ல் வந்தால் அதுவே அவளுடைய முதல் வாக்காக இருக்கும். தாத்தாவின் கடற்படைத் தளக் கதை அவளுக்கு மனப்பாடம், அவர் மேல் உயிர். போன வாரம் அவள் என்னிடம் கேட்டது, இதே செங்காங்கில் மறுவிற்பனை வீடு இப்போது என்ன விலை, அவள் வேலைக்குப் போகும்போது என்ன விலை இருக்கும் என்று.