அடுக்களைச் சுவரை இடிக்கச் சொல்கிறார் கணவர்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கான்கிரீட் வீட்டை விலைக்கு வாங்கியிருக்கிறோம். ஆவணியில் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். திருமணமான நாளிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை விடுப்பில் வந்து போவதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை. இப்போது வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வருகிறார். நான், மாமியார், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் எல்லோரும் இதுவரை வாடகை வீட்டில் இருக்கிறோம். வீடு பார்த்ததும், பத்திரம் முடிக்க அலைந்ததும் நான்தான்.

குடியேறும் முன்பே உள்ளே மாற்ற வேண்டியதை மாற்றிவிட வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே எண்ணம். எதை மாற்றுவது என்பதில்தான் தகராறு. அவர் வாட்ஸ்அப்பில் புதிது புதிதாக வரைபடம் அனுப்புகிறார். ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட்டு ஒரே விசாலமாக ஆக்க வேண்டுமாம். மாமியாரோ, "நடுவீட்டில் மீன் பொரித்தால் வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டுமா மக்களே?" என்கிறார்.

போதாததற்கு, முன்பக்கத்துச் சிறிய அறையைப் பூட்டோடு கதவு வைத்துத் தனக்கென்று ஒதுக்கியிருக்கிறார் கணவர். அதைப் பார்த்ததும் எனக்கு மனசே விட்டுப்போயிற்று. இத்தனை வருடம் தனியாக இருந்தது போதாதா, வந்த பிறகும் தனியறையா?

கொத்தனார் தினமும் கேட்கிறார். நான் "உங்கள் இஷ்டம்" என்று கணவருக்குச் செய்தி அனுப்பிவிட்டு இரவெல்லாம் விழித்துக் கிடக்கிறேன். ஒரு சுவருக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருக்கிறது. நான் என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீடு மாறுவது, கணவர் ஒரேயடியாகத் திரும்பி வருவது, இவற்றில் ஒன்று வந்தாலே மனம் நிலைகொள்ளாது. உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே வருகின்றன. இத்தனை காலம் பிள்ளைகளின் படிப்பிலிருந்து பத்திரப்பதிவு வரை நீங்கள் வைத்ததுதான் சட்டம். இனி முடிவெடுக்கிற இடத்தில் இன்னொருவரும் உட்காரப்போகிறார். அவருக்கும் இது எளிதல்ல. குமரி மாவட்டத்தில் வெளிநாட்டிலிருந்து ஆள் திரும்புகிற வீடுகளில் இந்தத் தடுமாற்றம் சகஜம். அதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. டைல்ஸ் நிறத்தை வைத்துச் சண்டை போடுவார்கள்.

முதலில் அந்தப் பூட்டு வைத்த அறை. வளைகுடாவில் நம்மவர்கள் பலர் அடுக்குக் கட்டில் போட்ட அறைகளில், தெரியாத நாலைந்து பேரின் குறட்டைக்கு நடுவே வருடக்கணக்கில் தூங்கி எழுகிறவர்கள். சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்பது அவர்களுக்குப் பெரிய ஆசை. உங்கள் கணவரின் மனதில் இருப்பதும் அதுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் "எதற்குத் தனியறை?" என்று தொடங்கினால் அது குற்றச்சாட்டாகத்தான் போய்ச் சேரும். "அந்த அறையில் என்ன செய்வதாக நினைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுப்பாருங்கள். கேட்பதை எழுதி அனுப்பாதீர்கள், பேசுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு, முகம் பார்த்துப் பேசுகிற அழைப்பில்.

இனி சுவர். இங்கே உங்கள்மேல் எனக்குச் சிறிது கோபம் உண்டு. கணவருக்கு என்ன வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், மாமியாருக்கு என்ன பிடிக்காது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சுவர் உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா? கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கழுவாத பாத்திரத்தையும் களைத்த முகத்தையும் மறைத்துக்கொள்ள ஒரு சுவர் இருக்கட்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். சமைத்துக்கொண்டே பிள்ளைகளின் பாடத்தைக் கவனிக்க வசதி என்றும் தோன்றலாம். எதுவானாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். "உங்கள் இஷ்டம்" என்பதை அவர் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார். பிறகு ஒவ்வொரு முறை அடுப்பு பற்றவைக்கும்போதும் உங்களுக்கு அது மனத்தாங்கலாகவே இருக்கும்.

அந்தச் சுவரை எடுக்க முடியுமா என்பதே இன்னும் தெரியாத நிலையில் இவ்வளவு வருத்தம் எதற்கு? தூண் இல்லாமல் கட்டிய பழைய வீடுகளில் 9 அங்குலச் சுவர்தான் மேல்தளத்தின் பாரத்தைத் தாங்கும். 4½ அங்குலச் சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்பு. பாரம் தாங்கும் சுவரை எடுப்பதென்றால், முட்டுக் கொடுத்து, பீம் போட்டு, அந்த பீமின் சுமையை இரு முனைகளிலும் தாங்க வழிசெய்த பிறகுதான் இடிக்க வேண்டும், செலவும் ஏறும். ஒரு பொறியாளர் நேரில் வந்து பார்த்துச் சொல்லட்டும். இதைக் கொத்தனாரின் கைராசிக்கு விட்டுவிட வேண்டாம்.

சுவரை எடுக்கலாம் என்று பொறியாளர் சொன்னாலும் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. கணவர் பார்த்துப் பழகிய அடுக்குமாடி வீடுகளில் சமையல் வேறு. மத்தி மீனைத் தேங்காய் எண்ணெயில் பொரிக்கிற அடுக்களை வேறு. நம் ஊரில் பல வீடுகளில் இருப்பதுபோல் பின்பக்கம் ஓர் 'ஒர்க் ஏரியா' அமைத்து, பொரிப்பதையும் தேங்காய் துருவுவதையும் அங்கே வைத்துக்கொள்ளலாம். ஹால் பக்கத்துச் சுவரை முழுதாக இடிக்காமல், மேடை உயரத்துக்கு மேலே மட்டும் ஒரு திறப்பு வைக்கலாம். அதற்கும் மேலே லிண்டல், அதாவது திறப்புக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் குறுக்குக் கட்டை, வேண்டும். நான் கட்டட ஆள் இல்லை, உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதைப் பொறியாளரிடம் கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஆவணிக்குள் முடிவுசெய்யத் தேவையில்லை. கழிவுநீர்க் குழாய், சுவருக்குள் போகும் வயரிங், குளியலறை இவற்றில் பின்னால் கைவைத்தால் வீடே புழுதியாகும், அதனால் இப்போதே செய்துவிடுங்கள். மாமியாரின் குளியலறைக்கு வாசற்படி உயரம் வேண்டாம். வழுக்காத தரையும், பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பியும், 3 அடி அகலக் கதவும் இருந்தால் அவருக்கு வயது ஏற ஏற உதவும். அலமாரி, பரண், கூடுதல் சன்ஷேடு இவையெல்லாம் காத்திருக்கலாம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. எந்த ஜன்னலில் சாரல் அடிக்கிறது என்பது அங்கே குடியிருந்து பார்த்தால்தான் தெரியும்.

கணவர் வந்ததும் நீங்கள் இருவருமாக அந்தக் காலி வீட்டுக்குப் போய், அவர் அனுப்பிய வரைபடத்தைச் சாக்கட்டியால் தரையில் கோடு போட்டுப் பாருங்கள். மாமியாரைக் கூட்டிப்போய் நடக்கச் சொல்லுங்கள். கட்டில் போட்ட பிறகு கதவு திறக்குமா, பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படிப்பார்கள், நீங்கள் எங்கே சற்று நேரம் சும்மா இருப்பீர்கள் என்று நின்று பார்த்தால், தாளில் தெரியாதது பல தெரியும்.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாப்பாடும் அன்றாட வேலையும் கெட்டாலோ, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். நேரில் போகத் தயக்கமென்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

கொத்தனாரிடம், கணவர் வந்து இருவரும் நேரில் பார்க்கும்வரை சுவரில் கைவைக்க வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். ஆவணி தள்ளிப்போனால் தை மாதத்திலும் பால் காய்ச்ச நாள் இருக்கிறது.