பாத்திரம் ஒன்றா, பலவா?

கேள்வி: கொரோனாவுக்குப் பிறகு எங்கள் சபையில் திருவிருந்துக்கு ஒரே பாத்திரம் கிடையாது. சின்னச் சின்ன கிளாஸில் திராட்சரசம் தருகிறார்கள். 'இது திருவிருந்தே இல்லை' என்று என் மாமனார் பீடத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா, ஐயா?
– வாசகி, கொளத்தூர்

பதில்: இயேசு சீடர்களோடு கடைசியாகச் சாப்பிட்ட இராப்போசனத்தை நினைத்து அப்பமும் ரசமும் பகிர்வதுதானே திருவிருந்து? கிளாஸில் வாங்கினாலும் அது திருவிருந்துதான் அம்மா. அதை அவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் பெரும்பாலும் மக்களுக்கு அப்பம் மட்டுமே தருகிறார்கள். அதிலேயே கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது அவர்கள் விசுவாசம்.

ஆனாலும் உங்கள் மாமனாரின் வருத்தத்தை நான் பிடிவாதம் என்று சொல்லமாட்டேன். கடைசி இராப்போசனத்தில் ஆண்டவர் ஒரு பாத்திரத்தைக் கொடுத்தார், எல்லாரும் அதிலேயே குடித்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். ஆதிச்சபைகளில் ஒன்றான கொரிந்து சபையில் திருவிருந்துக்குக் கூடியபோது என்ன நடந்தது? வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். பவுல் கொதித்துப்போய், ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று எழுதினார். சுவிசேஷங்களுக்கும் முந்திய அந்தக் கடிதத்தில்தான் திருவிருந்தைப் பற்றிய விவரம் முதன்முதலில் வருகிறது. சண்டையைத் தீர்க்கப்போன இடத்தில் வந்த விவரம் அது!

நம் ஊரிலும் அந்தச் சண்டை நடந்தது. அன்றைய சபைகளில் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள், பீடத்துக்கும் தனித்தனியாகவே வந்தார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது, திருவிருந்திலும் கூடாது என்று கடிதம் அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பக்கத்தில் இருப்பவர் வாய்வைத்த பாத்திரத்தில் தானும் வாய்வைப்பது அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய விஷயம். எனக்கு ஒரே பாத்திரத்தின் அர்த்தம் இங்கேதான் இருக்கிறது. கிருமிக்குப் பயந்து கிளாஸ் வைப்பதில் தப்பில்லை. வேறு எதற்காகவாவது வைத்தால் அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஆயராக, அதாவது சபைப் போதகராக, இருந்த வருடங்களில் அந்தப் பாத்திரத்தை நான் எத்தனையோ பேரின் உதட்டருகே பிடித்திருக்கிறேன். ஒவ்வொருவர் குடித்ததும் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, கொஞ்சம் திருப்பி, அடுத்தவருக்கு. பெரம்பூரில் ஒரு ஞாயிறு, விடாமல் இருமிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எல்லாரும் எழுந்துபோன பிறகு வந்து முழங்கால்படியிட்டார். "எனக்கு அப்பம் மட்டும் போதும் ஐயா, மத்தவங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்" என்றார். அப்பத்தை ரசத்தில் தோய்த்து அவர் கையில் வைத்தேன். கடைசி ஆளாக வரவேண்டும் என்று அவர் நினைத்ததுதான் எனக்கு இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது.

அப்படித் தோய்த்துத் தருவதற்கு உங்கள் ஆயரிடம் கேட்டுப்பாருங்கள். பல சபைகளில் இருக்கும் வழக்கம்தான். ஒரே பாத்திரமும் இருக்கும், யாரும் வாய்வைக்கவும் வேண்டாம். அவர் யோசிப்பதற்குள் அடுத்த திருவிருந்து ஞாயிறு வந்துவிட்டால், மாமனாரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய், பீடத்தில் அவர் பக்கத்திலேயே நீங்களும் முழங்கால்படியிடுங்கள் அம்மா. அப்பம் அங்கே இன்னும் ஒன்றுதானே.