பெட்டியில் 3000, கையில் 92: வைஃபை வாங்கியவர்களின் கேள்விகள்

ரவுட்டர், ரிப்பீட்டர், பூஸ்டர் பற்றி வந்த கடிதங்கள் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

ஏஎக்ஸ்3000 என்று போட்ட ரவுட்டர் வாங்கினேன். போனில் சோதித்தால் 92 எம்பிபிஎஸ்தான் வருகிறது. மாற்றிக் கேட்கலாமா? எங்கள் திட்டம் 100 எம்பிபிஎஸ். (ஈரோடு)

வீட்டுக்குள் வருவதே 100. ரவுட்டர் நன்றாகத்தான் வேலை செய்கிறது, வைத்துக்கொள்ளுங்கள். அந்த 3000 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கத்தின் உச்ச வேகமான 574-ஐயும், 5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தின் 2402-ஐயும் கூட்டி, மேல்நோக்கி முழுமையாக்கிப் போட்ட எண். உங்கள் போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு பக்கத்தில்தான் இருக்கும்.

மியூ-மிமோ, பீம்ஃபார்மிங் இரண்டும் உள்ள ரவுட்டர். மேசையில் போனை வைத்துப் பேசினால் வீடியோ தெளிவாக இருக்கிறது. அதே கூடத்தில் போனைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தால் படம் உறைகிறது. கடைக்காரர் போனில் கோளாறு என்கிறார். போனை மாற்ற வேண்டுமா? (மதுரை)

போனை மாற்றாதீர்கள். முதலில் ஒன்றைச் செய்துபாருங்கள். உங்கள் ரவுட்டர் 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயரைக் காட்டுகிறதா? அப்படியானால் நடக்கும்போது போன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கலாம். அமைப்புக்குள் போய் இரண்டுக்கும் தனிப் பெயர் வையுங்கள். 5-இல் மட்டும் இணைத்து மறுபடி நடந்து பேசுங்கள். சரியாகிவிட்டால் விஷயம் முடிந்தது.

சரியாகவில்லை என்றால், நான் வெகுநாளாகச் சொல்ல நினைத்த ஒன்றைச் சொல்ல இதுதான் இடம்.

பீம்ஃபார்மிங் ரவுட்டர் உங்கள் போனை நோக்கி அலைகளைக் குவிக்கிறது என்று விளம்பரம் சொல்கிறது. உண்மைதான். ஆனால் போன் எங்கே இருக்கிறது, நடுவில் எந்தச் சுவரில் அலை மோதித் திரும்புகிறது என்பதெல்லாம் ரவுட்டருக்குத் தானாகத் தெரியாது. அது முதலில் ஒரு சோதனை அலையை அனுப்பும். போன் அதை அளந்து, அளவுகளைச் சில கோணங்களாகச் சுருக்கித் திருப்பி அனுப்பும். வைஃபை 5 என்ற தலைமுறையில் தனி ஒருவருக்கு அனுப்பும்போது ஒரு கோணத்தை அதிகபட்சம் 6 பிட்டில் (0, 1 என்ற இலக்கங்களில்) எழுதுகிறார்கள். ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் மியூ-மிமோவில் அது 9 பிட் வரை போகும். ஆக, ரவுட்டர் கையில் இருப்பது சுருக்கப்பட்ட, கொஞ்சம் பழையதாகிவிட்ட ஒரு மதிப்பீடு. அதை நம்பித்தான் அது அனுப்புகிறது.

எவ்வளவு பழையது? 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 சென்டிமீட்டருக்குள்தான். அதில் பாதி தூரம், அதாவது 3 சென்டிமீட்டர் போன் நகர்ந்தாலே அலைகள் சேரும் விதம் மாறிவிடும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நீங்கள் நடந்தால் அதற்கு 30 மில்லிநொடி போதும். கடைசியாக அளந்தது அதற்கு முன்னால் என்றால் ரவுட்டர் செய்வது, இடம் மாறிவிட்ட புள்ளிகளுக்குப் பழைய இடத்தை வைத்துக் கோடு இழுக்கிற வேலை. அடிக்கடி அளக்கலாமே என்று கேட்பீர்கள். அளக்கும் நேரமும் உங்கள் வீடியோ போக வேண்டிய நேரத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அகலமான 160 மெகாஹெர்ட்ஸ் தடத்தில் திருப்பி அனுப்ப வேண்டிய அளவுகளும் பெருகிவிடும்.

மியூ-மிமோவில் சிக்கல் இன்னும் கூடுதல். உங்களுக்குப் போகும் அலை, பக்கத்து அறையில் உங்கள் மகள் வைத்திருக்கும் போனில் ஒன்றையொன்று அழித்துப் பூஜ்யமாக வேண்டும். மகளுக்குப் போவது உங்களிடம் பூஜ்யமாக வேண்டும். மதிப்பீடு சற்றுப் பிசகினாலும் அழிக்க வேண்டியது அழியாது. ஒருவருடையது மற்றவருக்கு இரைச்சலாகக் கசியும். ரவுட்டரின் பலத்தைக் கூட்டினால் கசிவும் சேர்ந்தே கூடும். நிஹார் ஜிந்தால் என்ற ஆய்வாளர் 2006-இல் வெளியிட்ட கட்டுரையில் இதைக் கணக்காகவே காட்டினார்: சிக்னலின் பலம் கூடக்கூட, போன் திருப்பிச் சொல்லும் பிட்டுகளின் எண்ணிக்கையும் கூட வேண்டும், இல்லையென்றால் வேகம் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

பல ஆன்டெனாக்களை வைத்து ஒரே நேரத்தில் பல தகவல் ஓட்டங்களை அனுப்பலாம் என்ற மிமோ யோசனைக்கு 1992-இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் தாமஸ் கைலாத்தோடு சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். உலகத்தின் கைபேசித் தொடர்பையே மாற்றிய கண்டுபிடிப்பு அது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கோபமெல்லாம் பெட்டியில் அச்சடிப்பவர்கள் மேல்தான். இடையில் உள்ள காற்றைப் பற்றி ரவுட்டருக்கு எல்லாம் சரியாகத் தெரியும் என்று வைத்துக்கொண்டு போட்ட உச்சக் கணக்கைத்தான் பெரிய எழுத்தில் அச்சடிக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டிக்கும் ஏசிக்கும் நட்சத்திரச் சீட்டு ஒட்டாமல் விற்க முடியாது. பத்து மீட்டர் தூரத்தில், ஒரு செங்கல் சுவருக்கு அப்பால், நடக்கிறவர் கையில் உள்ள போனுக்கு எவ்வளவு வேகம் என்று ரவுட்டர் பெட்டியிலும் ஒரு வரி போட்டால் என்ன? வாங்குகிறவர் அப்படித்தானே பயன்படுத்துகிறார். நானும் "எட்டு ஆன்டெனா, எட்டுப் பேருக்கு ஒரே நேரத்தில்" என்ற பேச்சை நம்பி ஒன்று வாங்கினேன். வீட்டில் இருந்த போன்கள் எல்லாம் இரண்டு ஆன்டெனா போன்கள். பாதி விலையில் கிடைத்ததிலிருந்து ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

உங்களுக்கு இப்போது செய்ய வேண்டியது: மியூ-மிமோவை அணையுங்கள், தட அகலத்தை 160-லிருந்து 80 ஆக்குங்கள், மறுபடி நடந்து பேசுங்கள். படம் ஓடினால் அப்படியே விட்டுவிடுங்கள். போனுக்குச் செலவழிக்க வேண்டாம்.

போனின் பின்னால் ஒட்டும் 5ஜி சிப் ஸ்டிக்கர், 199 ரூபாய். ஒட்டினால் சிக்னல் கூடுமா? (கரூர்)

கூடாது. வாங்காதீர்கள்.

வாரம் ஒருமுறை சென்னை–மதுரை ரயிலில் போகிறேன். டவர் முழுதாகக் காட்டியும் 5ஜி தடுமாறுகிறது. 60,000 ரூபாய் போன் வாங்கினால் தீருமா? (திண்டுக்கல்)

தீராது. ரயில் மணிக்கு 110 கிலோமீட்டரில் போனால் நீங்கள் நொடிக்கு 30 மீட்டர் நகர்கிறீர்கள். நம் ஊரில் 5ஜி-க்கு அதிகம் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் அலைநீளம் எட்டரை சென்டிமீட்டர். அதில் பாதியைத் தாண்ட உங்களுக்கு ஒன்றரை மில்லிநொடி கூட ஆகாது. டவர் உங்கள் போனை அளந்து, கணக்குப் போட்டு, அனுப்பி முடிப்பதற்குள் அளந்தது பழசாகிவிடும். மதிப்பீட்டை நம்ப முடியாதபோது டவர் வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பாக அனுப்பும். அதோடு உலோகப் பெட்டியும் ஏசி பெட்டியின் கண்ணாடியும் சிக்னலைத் தின்கின்றன. கட்டம் கட்டமாகக் காட்டுவது வந்து சேரும் அலையின் பலம் மட்டும்தான். அது எவ்வளவு சுத்தமாக வருகிறது என்பதை அந்தக் கட்டங்கள் சொல்லாது.

பார்க்க வேண்டியதை ஏறும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான அழைப்பு என்றால் அந்த நேரம் போனை 4ஜி-யில் வைத்துப் பாருங்கள், பல இடங்களில் அது நிலையாக இருக்கும். அறுபதாயிரம் உங்களிடமே இருக்கட்டும்.

வைஃபை 7 ரவுட்டர் 22,000 ரூபாய்க்கு ஆஃபரில் வாங்கினேன். போனில் 60-க்கு மேல் ஏறவே இல்லை. போன் பழைய மாடல், 2.4 மட்டும் எடுக்கும். வாங்கி நான்கு மாதம் ஆகிறது, பெட்டியும் பில்லும் இல்லை. திருப்பித் தர வழி சொல்லுங்கள். (சேலம்)

வழி இல்லை. ஒரே ஆன்டெனா உள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் போன், 20 மெகாஹெர்ட்ஸ் தடத்தில், பழைய வைஃபை 4 கணக்கில் உச்சமாக 72 எம்பிபிஎஸ்தான் எடுக்கும். 60 கிடைப்பது நல்ல விளைச்சல். எதிர்முனையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ரவுட்டரை மட்டும் வாங்கினால் இப்படித்தான் ஆகும். இது போன வருடமே இரண்டு முறை எழுதிய பதில். பொருள் சரியாக இயங்குகிறது, விற்றவர் பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்கவில்லை. பில் இல்லாமல் வாரன்டிக்குக்கூடப் போக முடியாது. இணையத்தில் வாங்கியிருந்தால் உங்கள் கணக்கில் ஆர்டர் பக்கத்திலிருந்து பில்லை இன்றே எடுத்து வையுங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வைஃபை 7 விளம்பரத்தின் 320 மெகாஹெர்ட்ஸ் அகலம் 6 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் மட்டுமே உண்டு. அந்தப் பக்கத்தில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமமின்றித் திறந்துவிடும் வரைவு விதியை மத்திய அரசு 2025 மே மாதம் வெளியிட்டது. அந்த 500 மெகாஹெர்ட்ஸில் 320 ஒரே ஒரு முறைதான் பொருந்தும். ரவுட்டர், போன் இரண்டும் 6 கிகாஹெர்ட்ஸை எடுக்குமா என்று கேட்டுவிட்டுப் பணத்தை நீட்டுங்கள்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்த பையன், மாடியிலும் அதே வேகம் வரும் என்று சொல்லி "மெஷ்" ஒன்றை 6,500 ரூபாய்க்குக் கொடுத்தான். மாடியில் கால்வாசி வேகம்கூட இல்லை. நிறுவனத்தைக் கேட்டால் சூழலைப் பொறுத்து வேகம் மாறும் என்று விதியில் இருக்கிறதாம். பேரனின் வகுப்பு தினமும் அறுபடுகிறது. (நாகர்கோவில்)

அம்மா, உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அது பல கருவிகள் சேர்ந்து ஒரே வலையாக இயங்கும் மெஷ் இல்லை, ஒரே ரேடியோ உள்ள சாதாரண ரிப்பீட்டர். கீழே உள்ள ரவுட்டர் சொல்வதை முதலில் கேட்டு, பிறகு அதே தடத்தில் திரும்பச் சொல்கிறது. அதிலேயே ஏறக்குறைய பாதி நேரம் போய்விடும். மேலும் காற்றைப் பற்றிய கணிப்பு இரண்டு இடத்தில் நடக்கிறது, ரவுட்டருக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவே ஒன்று, ரிப்பீட்டருக்கும் போனுக்கும் நடுவே ஒன்று. கான்கிரீட் தளத்தைத் தாண்டி வரும் மெலிந்த சிக்னலில் முதல் கணிப்பே பிசகும்.

சூழலைப் பொறுத்து மாறும் என்பது உண்மை. அது தெரிந்தவர்கள் "அதே வேகம் வரும்" என்று சொல்லி விற்கக் கூடாது. அந்த விதிக்குப் பின்னால் அவர்கள் ஒளிய முடியாது. மாடியிலும் கீழேயும் ஒரே மணி நேரத்தில் வேகம் எடுத்துப் படம் பிடியுங்கள், மூன்று நாள் போதும். பில்லோடு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். அங்கே பதில் இல்லையென்றால் அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்யுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, உங்கள் ஊரிலேயே, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவே தாக்கல் செய்யலாம். தொலைத்தொடர்பு விஷயம் இங்கே வராது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வரும் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பு சொல்லிவிட்டது.

வழக்கு முடியும் வரை பேரன் காத்திருக்க முடியாது. மாடிப்படி ஓரமாக ஒரு கேட்6 நெட்வொர்க் கேபிளை மேலே இழுத்து, அங்கே விலை குறைந்த ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயின்டாக, அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் கருவியாக, வைக்கச் சொல்லுங்கள். கேபிளுக்குள் காற்றைக் கணிக்கும் வேலையே இல்லை.

எஸ்டேட் வீட்டில் டவர் கிடைக்கவில்லை என்று இணையத்தில் 4,200 ரூபாய்க்கு மொபைல் சிக்னல் பூஸ்டர் வாங்கினேன். மாட்டுவதற்குள் நண்பர் சட்டவிரோதம் என்கிறார். பகிரங்கமாக விற்கிறார்களே? (வால்பாறை)

நண்பர் சொன்னது சரி. உரிமம் இல்லாமல் தனிநபர் பூஸ்டரை வைத்திருக்கவோ மாட்டவோ விற்கவோ கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையிலேயே அறிவித்தது. காரணமும் நியாயமானது. பூஸ்டர் சிக்னலோடு தன் இரைச்சலையும் பெருக்கி டவருக்கு அனுப்பும். டவர் ஒவ்வொரு போனும் அனுப்பும் அளவுகோல் சிக்னலை வைத்துத்தான் எல்லோருடைய பாதையையும் கணிக்கிறது. அந்தக் கணிப்பே கெட்டுப்போனால் பள்ளத்தாக்கு முழுக்க அழைப்பு அறும்.

விற்கக் கூடாத பொருளைத் தளத்தில் அடுக்கி வைத்து உங்களிடம் பணம் வாங்கியது அவர்கள் குற்றம். பிரிக்காமல் திருப்பி அனுப்புங்கள். மறுத்தால், உரிமம் தேவை என்பதை மறைத்து விற்றார்கள் என்று 1915-இல் பதிவு செய்யுங்கள், விற்பனைப் பக்கத்தை இப்போதே படம் எடுத்து வையுங்கள், நாளை அது இருக்காது. வீட்டில் ஏதாவது பிராட்பேண்ட் இணைப்பு இருந்தால் போனில் வைஃபை வழியாகவே பேசும் வைஃபை காலிங்கைப் போட்டுக்கொள்ளுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பணம் திரும்பி வந்ததா என்று எனக்கு எழுதுங்கள். அதே பூஸ்டரைப் பற்றி இன்னும் சிலரும் கேட்டிருக்கிறார்கள்.