ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றால் லூபஸ்தானா?

கேள்வி: என் மகளுக்கு வயது 24. ஆறு மாதமாக விரல் மூட்டுகளில் வலி, காலையில் விறைப்பு. முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. வெயிலில் போய்வந்தால் கன்னம் சிவந்துவிடுகிறது. ஏ.என்.ஏ. டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்தது. லூபஸாக இருக்கலாம் என்று சொல்லி டாக்டர் ஹைட்ராக்சிகுளோரோகுயின் எழுதிக்கொடுத்தார். அதைச் சாப்பிட்டால் கண் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தியதால் நிறுத்திவிட்டோம். வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இது லூபஸ்தானா? அவளால் குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: அம்மா, முதலில் அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எழுதிக்கொடுத்த மருத்துவரை நாளைக்கே கூப்பிட்டு, நிறுத்தியதைச் சொல்லி, மறுபடி எப்படித் தொடங்குவது என்று கேளுங்கள். லூபஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே சொந்த உறுப்புகளைத் தாக்கும் நோய். அது திரும்பத் திரும்பக் கிளம்பாமல் காக்கும் அடிப்படை மருந்து இந்த மாத்திரைதான். கண் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அது அளவையும் வருடங்களையும் பொறுத்தது. உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல், அதாவது 50 கிலோ இருப்பவர் நாளுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் சாப்பிட்டால், முதல் பத்து வருடத்தில் விழித்திரை பாதிப்பு 100 பேரில் இரண்டு பேருக்கும் குறைவு. முதல் வருடத்துக்குள் ஒரு கண் பரிசோதனை, ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும் பார்வைப்புலப் பரிசோதனையும் செய்துகொண்டால், பார்வை கெடும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் இன்னும் சீக்கிரமே பார்க்க வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. ஏ.என்.ஏ. என்பது உடலின் சொந்த செல்களின் உட்கருவையே குறிவைக்கும் ஆன்டிபாடிகளைத் தேடும் ரத்தப் பரிசோதனை. அதை மட்டும் வைத்து லூபஸ் என்று யாராலும் சொல்ல முடியாது. ரத்தநீரை 80 மடங்கு நீர்த்துப் பார்க்கும் 1:80 அளவில் நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே எட்டில் ஒருவருக்கு அது பாசிட்டிவாக வரும். தைராய்டு கோளாறிலும் காசநோயிலும்கூட வரும். நெகட்டிவ் என்றால் லூபஸ் அநேகமாக இல்லை. பாசிட்டிவ் என்றால் மேற்கொண்டு தேட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் தேடலில் உங்கள் மகளின் கன்னத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். லூபஸ் தடிப்பு கன்னத்திலும் மூக்கின் மேலும் படரும். மூக்கோரத்திலிருந்து வாய்க்கோடிக்கு இறங்கும் மடிப்பை விட்டுவிடும். அந்த மடிப்பும் சேர்ந்து சிவந்தால் வேறு தோல் நோயை யோசிப்பேன். தயவுசெய்து மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிய ஸ்டீராய்டு கிரீமைப் பூசாதீர்கள். தடிப்பின் அடையாளமே மாறிப்போகும். அடுத்து வாய்ப்புண், ரத்த அணுக்களின் எண்ணிக்கை, லூபஸைக் குறிப்பாகச் சுட்டும் டி.எஸ்.டி.என்.ஏ., ஸ்மித் ஆன்டிபாடிகள், சி3, சி4 என்ற எதிர்ப்புச் சக்திப் புரதங்களின் அளவுகள். இவை ஒன்றோடொன்று பொருந்திவந்தால்தான் லூபஸ் என்ற முடிவுக்கு வருவோம்.

இத்தனையிலும் நீங்கள் தவறவிடவே கூடாதது, மிக மலிவான சிறுநீர்ப் பரிசோதனை. லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது பல மாதங்களுக்கு வலியும் இருக்காது, வீக்கமும் தெரியாது. சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினின் என்ற ரத்த அளவு நார்மலாகவே இருக்கும். புரதம் மட்டும் கசிந்துகொண்டிருக்கும். ஒரு நாளைக்கு அரை கிராமுக்கு மேல் கசிவது உறுதியானால் பயாப்ஸி, அதாவது சிறுநீரகத்திலிருந்து துளியளவு திசுவை ஊசியால் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, செய்ய வேண்டியிருக்கும். அதைக் கேட்டதும் பலர் மருத்துவரை மாற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் சிறுநீரகத்தை இழக்கிறோம். இன்று எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோஃபெனலேட் போன்ற மருந்துகளால் பெரும்பாலோருடைய சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடிகிறது. ஸ்டீராய்டு தேவைப்பட்டாலும், நோய் அடங்கியபின் பிரெட்னிசோலோன் என்ற அந்த ஸ்டீராய்டை நாளுக்கு 5 மில்லிகிராமோ அதற்கும் கீழோ கொண்டுவருவதே எங்கள் இலக்கு. அதை மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது.

காய்ச்சல் வந்தால் லூபஸ்தான் என்று ஸ்டீராய்டைக் கூட்டிவிடவும் கூடாது. நம் ஊரில் காசநோயும் உண்டு, டெங்குவும் உண்டு. உடலில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்த அளவு மிக அதிகமாக இருந்தால் கிருமித் தொற்றைத்தான் முதலில் தேட வேண்டும்.

கல்யாணம், குழந்தை இரண்டுக்கும் லூபஸ் தடையில்லை. நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருக்கும்போது கருத்தரிப்பது நல்லது. மைக்கோஃபெனலேட் சாப்பிட்டால் குறைந்தது ஆறு வாரம் முன்பே மருத்துவர் அதை மாற்றித் தருவார். ஹைட்ராக்சிகுளோரோகுயினை கர்ப்ப காலம் முழுவதும் தொடரலாம், தொடரவும் வேண்டும். கருத்தரிக்கும் முன்பே ஆன்டிபாஸ்போலிப்பிட், ரோ என்ற இரண்டு வகை ஆன்டிபாடிகளும் ரத்தத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். முதலாவது இருந்தால் ரத்தம் உறைந்து கரு கலையும் அபாயம் உண்டு. ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கைகொடுக்கும். ரோ பாசிட்டிவான தாய்மாரில் 100 பேரில் ஓரிருவருடைய குழந்தைக்கு இதயத்துடிப்பு மந்தமாகலாம் என்பதால் 16ஆவது வாரத்திலிருந்து கருவின் இதயத்தை ஸ்கேனில் கவனிப்போம். மாப்பிள்ளை வீட்டாரிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை மகளே முடிவு செய்யட்டும். ஆனால் அவர்கள் கேள்விப்பட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் மாத்திரை எதுவும் நின்றுவிடக் கூடாது.