கேளுங்கள் அண்ணாச்சி: கணினியும் கணக்கு நோட்டும்

அண்ணாச்சிக்கு வணக்கம். அரிசி ஆலை ஒன்றில் கணக்கெழுதுகிறேன். நெல் வரவுக்கும் ரசீதுக்கும் புது மென்பொருள் போட்டிருக்கிறார்கள். பணியாளர்களுக்கு அது வசதியாக இருக்கிறதா என்று அளந்து சொல்ல முதலாளி என்னைப் பணித்தார். “மென்பொருள் வேகமாகவும் எளிதாகவும் இருக்கிறதா?” என்று தாள் கொடுத்தேன். ஏழு பேரும் “நன்றாக இருக்கிறது” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். ஆனால் எடைமேடையில் இருப்பவர் இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார். எப்படி அளப்பது?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

தம்பி, முதலாளி மேஜைக்குப் போகும் தாளில் கையெழுத்தும் கேட்டால் வேறென்ன எழுதுவார்கள்? பெயர் வேண்டாம். வயது, பிரிவு என்றும் கேட்காதீர்கள். ஏழு பேரில் யார் எவர் என்று அதிலேயே தெரிந்துவிடும். எழுத்தின் சாயலை வைத்துக் கண்டுபிடிக்காதபடி டிக் மட்டும் அடித்து ஒரு பெட்டியில் போடச் சொல்லுங்கள். அடுத்து, உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வேகமாக ஓடி, ஆளைத் திணறடிக்கும் மென்பொருளுக்கு அவர்கள் எந்தப் பதிலை எழுதுவது?

புதிதாக எல்லாவற்றையும் யோசிக்க வேண்டியதில்லை. ஜான் புரூக் என்பவர் இங்கிலாந்தில் 1986இல் பத்து வாக்கியங்களைக் கொண்ட ஓர் அளவுகோல் செய்தார். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண்: 1 என்றால் துளியும் ஒப்பவில்லை, 5 என்றால் முழுக்க ஒப்புகிறேன். ஒற்றைப்படை வாக்கியங்கள் மென்பொருளைப் புகழ்பவை, இரட்டைப்படை குறை சொல்பவை. ஒற்றைப்படையில் போட்ட எண்ணிலிருந்து 1 கழிக்க வேண்டும். இரட்டைப்படையில் 5லிருந்து போட்ட எண்ணைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 2.5ஆல் பெருக்கினால் 0 முதல் 100க்குள் ஓர் எண் வரும். படிக்காமலேயே பத்துக்கும் 5 போட்டுத் தள்ளுகிறவருக்கு என்ன வரும் என்று போட்டுப் பாருங்கள். 50தான்! வேண்டுமென்றே பொய் சொல்கிறவரை இது பிடிக்காது. கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுகிறவரைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. அதன் முதல் வாக்கியம், இதை அடிக்கடி பயன்படுத்த விரும்புகிறேன் என்பது. சம்பளத்துக்காகத் தினமும் அதன் முன் உட்காருகிறவரிடம் விருப்பத்தைக் கேட்பது என்ன நியாயம்? அதை எடுத்துவிட்டு, “நேற்று ரசீது போடும்போது யாரிடமாவது கேட்க நேர்ந்ததா?” என்பது போல, நடந்ததைத் தனியாகக் கேளுங்கள். ஆனால் ஒரு வாக்கியத்தை எடுத்த பிறகு உச்ச எண் 100 அல்ல, 90தான். அதனால் ஊரார் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடாதீர்கள். போன பருவத்து எண்ணோடு இந்தப் பருவத்து எண்ணை ஒப்பிடுங்கள், போதும்.

கேள்வித்தாள் பாதி வேலைதான். ஐஎஸ்ஓ 9241-11 என்ற தரநிலை மூன்றைப் பார்க்கச் சொல்கிறது: வேலை சரியாக முடிந்ததா, எவ்வளவு நேரமும் உழைப்பும் பிடித்தது, செய்தவருக்குத் திருப்தியா. அதுவும் இன்னார், இன்ன வேலையை, இன்ன சூழலில் செய்யும்போது. ஆகவே சும்மா இருக்கும் நாளில் அளக்காதீர்கள். பிசான அறுவடையில், வாசலில் லாரிகள் நிற்கும்போது, எடைச்சீட்டு கையில் வந்ததிலிருந்து ரசீது அச்சாகும்வரை நேரம் குறியுங்கள். எத்தனை தடவை அழித்துத் திருத்தினார், அம்பை 16 என்ற ரகத்தைத் தேடிப் பட்டியலில் எவ்வளவு கீழே இறங்கினார் என்பதையும் எழுதுங்கள். பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கக் கூடாது. கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டைப் பறிக்கச் சொல்வார்கள், விடாதீர்கள். உங்களிடம் உள்ள அளவுகருவிகளில் ஆகச் சிறந்தது அதுதான். நான் பார்த்த ஓர் ஆலையில் அப்படியொரு நோட்டில் லாரி எண், மூட்டை, ஈரப்பதம், அதற்கடுத்து சிவப்பு மையில் “சாக்கு பாக்கி” என்றொரு பத்தி. விவசாயி வாங்கிப்போன வெறும் சாக்குகளின் கணக்கு அது. திரையில் அதற்கு இடமே இல்லை. மென்பொருள் எழுதியவருக்குச் சாக்கு என்று ஒன்று இருப்பதே தெரியாது போலும். உங்கள் நோட்டில் திரையில் இல்லாத பத்திகள் எவை என்று முதலில் பாருங்கள். உங்கள் கேள்விகள் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

எங்கள் அலுவலகத்தில் அந்தப் பத்து வாக்கிய அளவுகோலை அப்படியே பயன்படுத்தினோம். 62 வந்தது. முதல் வகுப்பு என்று மேலாளர் எல்லோருக்கும் அல்வா கொடுத்தார். சரியா?
– வாசகி, பாளையங்கோட்டை

நிஜ அல்வாதான் என்று நம்புகிறேன். அந்த 62 சதவீதம் அல்ல, அம்மா. பல நூறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சராசரி சுமார் 68 என்று கணித்திருக்கிறார்கள். நீங்கள் அதற்குக் கீழே இருக்கிறீர்கள். எந்த இடத்தில் இடிக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. அதற்கு வேலை செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

ஐந்து பேரைச் சோதித்தால் போதும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், தென்காசி

மென்பொருளும் இணையதளமும் பயன்படுத்த எளிதா என்று ஆராயும் ஜேகப் நீல்சன் சொன்னது. பக்கத்தில் இருந்து கவனித்துக் குறைகளைக் கண்டுபிடிக்க ஐந்து பேர் போதும் என்றார். மதிப்பெண் போடுவதற்கு அல்ல. ஐந்து பேரின் சராசரி, ஒருவர் அன்றைக்குக் கோபமாக வந்தாலே சாய்ந்துவிடும். சின்ன அலுவலகம் என்றால் எல்லோரையும் கேட்டுவிடுங்கள். விடுப்பில் போனவரையும் சேர்த்து.