நீல வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்தால்?

கேள்வி: டாக்டர், என் மாமியாருக்கு 61 வயது. ரொம்ப வருஷமாக வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறார். எங்கள் ஊர் பல் முகாமில் வாய்க்குள் நீல லைட் அடித்து, ஆரஞ்சுக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள். இடது கன்னத்தின் உள்பக்கம் ஓர் இடம் கறுப்பாகத் தெரிகிறது, சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். ‘கத்தி பட்டால் பரவிடும்’ என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். லைட்டே காட்டிவிட்ட பிறகு சதை எதற்கு?
- வாசகி, சாத்தூர்

பதில்: எடுத்துத்தான் பார்க்க வேண்டும் அம்மா. இந்த வாரமே அழைத்துப் போங்கள்.

அந்த நீல ஒளி பட்டால், வாயின் உள்தோலுக்கு அடியில் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளிர்பச்சையாக ஒளிரும். ஆரஞ்சுக் கண்ணாடி நீலத்தைத் தடுத்துப் பச்சையை மட்டும் விடும். செல்கள் கெட ஆரம்பித்த இடத்தில் அந்த நார்கள் சிதைந்திருக்கும், மேல்தோல் தடித்திருக்கும், ரத்தக்குழாய்கள் கூடியிருக்கும். ரத்தம் வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சுற்றிலும் பச்சையாக இருக்க, அந்த இடம் மட்டும் கறுத்துத் தெரியும்.

ஆனால் கன்னத்தைக் கடித்துக்கொண்ட காயமும், உடைந்த பல் உரசிய புண்ணும், சுண்ணாம்பு பட்டு வெந்த இடமும் அதே மாதிரி கறுப்பாகத்தான் தெரியும். நான் பார்க்கும்போது, வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியின் முதுகுப்பக்கத்தால் அந்த இடத்தை மெல்ல அழுத்துவேன். ரத்தம் விலகிப் பச்சை திரும்பினால் பெரும்பாலும் வெறும் வீக்கம். அழுத்தியும் கறுப்பு அப்படியே நின்றால் சந்தேகம் கூடும். இதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு. தடித்துப்போன சில வெள்ளைத் திட்டுகள் லைட்டில் பளிச்சென்றே தெரியும், உள்ளே கோளாறு இருக்கும். அதனால் ‘லைட்டில் ஒன்றும் இல்லை’ என்று சொல்லி, ஆறாத புண்ணோடு யாரையும் நான் வீட்டுக்கு அனுப்புவதில்லை. எங்கே சதை எடுக்கலாம் என்று லைட் இடம் காட்டும். புற்றா இல்லையா என்பதை மைக்ரோஸ்கோப்தான் சொல்லும்.

பயாப்ஸி என்றால் பயப்படாதீர்கள். பல் பிடுங்கும்போது போடும் அதே மரத்துப்போகும் ஊசிதான். ஓர் உளுந்து அளவு சதை எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். கத்தி பட்டதால் பரவியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அந்தப் பயத்தில் மாதக்கணக்கில் காத்திருந்து, கழுத்தில் கட்டியோடு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவில்லை. ரிப்போர்ட்டில் ‘டிஸ்பிளேசியா’ என்று வந்தால் இடிந்துபோக வேண்டாம். அது புற்று அல்ல, அதற்கு முந்தைய படி. அந்தக் கட்டத்தில் சிகிச்சை சுலபம்.

அப்புறம், புகையிலையை விட்டுவிட்டு வெறும் பாக்கு மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்பார் உங்கள் மாமியார். அதுவும் வேண்டாம். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது.

கேள்வி: ராமன் விளைவை வைத்து வாய்ப்புற்றைக் கண்டுபிடிக்கிறார்களாமே, உண்மையா?
- கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: உண்மைதான். லேசர் ஒளி சதையில் பட்டுச் சிதறும்போது மிகச் சிறு பங்கு நிறம் மாறித் திரும்பும். 1928-ல் சர் சி.வி. ராமன் கண்டறிந்தது இதைத்தான். அந்த மாற்றத்தை வைத்து அங்கே என்னென்ன மூலக்கூறுகள் இருக்கின்றன என்று படிக்கலாம். நவி மும்பையில் டாடா நினைவு மையத்தின் ஆய்வுக்கூடத்தில், நோயாளியின் கன்னத்துக்குள்ளேயே இப்படி அளந்து, நல்ல தோலையும் புற்றையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ராமன் முறை இல்லாமல் வேறு வகையில் ஒளியைக் கொண்டு வாயைப் பார்க்கும் ‘ஓரல்ஸ்கேன்’ என்ற கைக் கேமராவும் திருவனந்தபுரத்தில் உருவாகியிருக்கிறது. நம் ஊர் வாய்களைப் பார்த்து நம் ஊரிலேயே செய்த முயற்சிகள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கேள்வி: ஆன்லைனில் யுவி டார்ச் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி வீட்டிலேயே பார்க்கலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். சரியான ஃபில்டர் இல்லாமல் ஒன்றும் தெரியாது, கண்ணுக்கும் கெடுதல். சாதாரண வெளிச்சத்தைக் குறைவாக நினைக்காதீர்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வெறும் கண்ணாலேயே வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களில் வாய்ப்புற்று மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. முடிவுகள் 2005-ல் வெளியாயின.

மாதம் ஒருமுறை வாயைக் கொப்பளித்துவிட்டு, வெயில் வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். கன்னத்தை விரலால் இழுத்துப் பாருங்கள். நாக்கை நீட்டி, சுத்தமான துணியால் பிடித்து, இரண்டு ஓரங்களையும் பாருங்கள். நாக்கைத் தூக்கி அடியிலும் பாருங்கள். வெள்ளைத் திட்டு, அதைவிட முக்கியமாகச் சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் எது இருந்தாலும் அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் காட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று விரல் வைக்கிற அளவுக்கு வாய் திறக்கவில்லை என்றாலும் போய்க் காட்டுங்கள், வலி இல்லையே என்று இருந்துவிட வேண்டாம்.